ஒரே சோர்ஸ் கோட், பல சிஸ்டம்: கேடிஈ ஏன் சிமேக்குக்கு மாறியது?

இன்டர்நெட்டிலிருந்து ஒரு புரோகிராமை டவுன்லோட் செய்கிறீர்கள், டபுள் க்ளிக் செய்து இன்ஸ்டால் செய்கிறீர்கள். அந்த ஃபைல் உங்களிடம் வருவதற்கு முன், புரோகிராமர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான சோர்ஸ் கோட் ஃபைல்களைக் கம்பைல் செய்து ஒன்றாக இணைத்திருப்பார்கள். எதை முதலில் கம்பைல் செய்வது, எந்த லைப்ரரியுடன் இணைப்பது என்பதைக் கவனித்துக் கொள்வது பில்ட் சிஸ்டம். கல்யாண சமையலில் தலைமைச் சமையல்காரர் போல. அவர் கரண்டி பிடிப்பதில்லை. எது முதலில் அடுப்பில் ஏற வேண்டும் என்று சொல்கிறார்.

லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் கேடிஈ டெஸ்க்டாப், மூன்றாம் பதிப்பு வரை ஆட்டோடூல்ஸ் என்ற பழைய முறையில் தயாரானது. இதற்கு யூனிக்ஸ் ஷெல், எம்4, பெர்ல் எல்லாம் தேவை. இவை எதுவும் விண்டோஸுடன் வருவதில்லை. கேடிஈ புரோகிராம்கள் விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களிலும் ஓட வேண்டுமானால் வேறு வழி தேடியாக வேண்டும்.

2005-ல் ஸ்பெயினின் மலகா நகரில் கூடிய கேடிஈ குழுவினர், பைத்தானில் எழுதப்பட்ட எஸ்கான்ஸைத் தேர்ந்தெடுத்தனர். பைத்தான் தெரிந்தவர்களுக்கு எளிது. ஆனால் கேடிஈ போன்ற பிரம்மாண்டமான திட்டத்துக்கு அதில் பல வசதிகள் இல்லை. அவற்றைத் தாங்களே எழுதிச் சேர்க்கும் நிலை வந்தது.

2006 தொடக்கத்தில் சிமேக்குக்குத் திரும்பினார்கள். சில மாதங்களிலேயே கேடிஈயின் அடிப்படை லைப்ரரிகள் அதில் கம்பைல் ஆயின. சிமேக் தானாகக் கம்பைல் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுதும் ஒரே குறிப்பைப் படித்து, லினக்ஸுக்கு மேக்ஃபைல், விண்டோஸுக்கு விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்ட், மேக்குக்கு எக்ஸ்கோடு புராஜெக்ட் என்று அந்தந்த இடத்துக்கு ஏற்றதை உருவாக்கித் தருகிறது. அதை இயக்க பைத்தானோ பெர்லோ வேண்டாம்.

அதன் கட்டளை மொழி அழகானது என்று சொல்ல மாட்டேன். கேடிஈக்குத் தேவையான மாற்றங்களை சிமேக்கை உருவாக்கிய கிட்வேர் நிறுவனத்தாரே முன்வந்து செய்து கொடுத்தார்கள். அழகைவிட அதுதான் பெரிதாக எனக்குப் படுகிறது. வசதி குறைந்த கருவியைக்கூட, பின்னால் ஆள் இருந்தால் சரிசெய்து கொள்ளலாம்.

2008 ஜனவரியில் கேடிஈ 4.0 வெளிவந்தது. இன்று விண்டோஸில் நீங்கள் படம் வரையும் கிரிட்டாவும், பிடிஎஃப் படிக்கும் ஓகுலாரும் சிமேக் வழியாகவே தயாராகின்றன. 2020 டிசம்பரில் வந்த க்யூட்டி 6-ம் சிமேக்குக்கு மாறியது. க்னோம் குழுவினரோ மெசான் என்ற வேறு கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சோர்ஸ் கோட் ஃபோல்டரில் 'சிமேக்லிஸ்ட்ஸ்' என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால், அந்தப் புரோகிராம் சிமேக்கைப் பயன்படுத்துகிறது என்று அறியலாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். படிக்கத்தானே, ஒன்றும் ஆகிவிடாது.