32 எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய உலகம்

ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் கட்டிய ஏதாவது ஒரு இணையதளத்தில் லாகின் செய்துவிட்டு எஃப்12 பட்டனைத் தட்டுங்கள். குக்கீகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பெயரை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், ‘செஷன்ஐடி’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே சிற்றெழுத்தும் எண்ணும் கலந்து 32 எழுத்து. உங்கள் பெயர் அங்கே இல்லை, கூடையில் போட்ட புத்தகம் இல்லை, ஒன்றுமே இல்லை! ஆனால் அடுத்த பக்கத்தைத் திறந்தால் தளம் உங்களைப் பெயர் சொல்லி வரவேற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. பக்கத்தைக் கேட்டீர்கள், கொடுத்தது, முடிந்தது. அடுத்த கணம் நீங்கள் யாரோ. 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொண்டுல்லி இதற்குக் குக்கீயைக் கண்டுபிடித்தார். செர்வர் தரும் துண்டுத் தகவலை பிரவுசர் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி 2005-இல் வெளிவந்த ஜாங்கோ, அந்தத் துண்டில் நாம் பார்த்த 32 எழுத்தை மட்டும் ஒரு டோக்கன் எண்போல எழுதி அனுப்புகிறது. பொருளெல்லாம், அதாவது செஷன், செர்வரிலேயே இருக்கிறது. குருட்டாம்போக்கில் யாராவது உங்கள் எண்ணைச் சொல்லிவிட முடியாதா? சாத்தியமான எண்களின் எண்ணிக்கையே 50 இலக்கம் வரும். முயன்று பார்க்கட்டும்!

இப்போது டேட்டாபேஸுக்குள். ‘ஜாங்கோ_செஷன்’ என்ற டேபிளில் மூன்றே ஃபீல்டு: சாவி (அந்த டோக்கன் எண்தான்), தரவு, காலாவதி நேரம். பயனர் பெயருக்கென்று ஒரு ஃபீல்டுகூட இல்லை, கவனித்தீர்களா? இந்த நிமிடம் யார் யார் லாகினில் இருக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால், ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தே பார்ப்போம். தரவு ஃபீல்டில் இருப்பது நீளமான ஆங்கில எழுத்துக் குவியல். நடுவே இரண்டு முக்காற்புள்ளிகள் அதை மூன்றாக வெட்டுகின்றன: தகவல், எழுதிய நேரம், கையொப்பம். குவியல் புள்ளியோடு தொடங்கினால், தகவல் ஸிலிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கூடையில் ‘அம்மா’ என்று தமிழில் வைத்துப் பாருங்கள். ஜேசனாக மாறும்போது ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 6 எழுத்து பிடிக்கும். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, ஆக மொத்தம் 30 எழுத்து! நீளமான தமிழ்த் தலைப்பு என்றால் ஊதிப் பெருகும். ஆனால் எல்லாக் குறிக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றேதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஸிலிப் கெட்டிக்காரன்.

ஷெல்லைத் திறந்து அந்த வரிசையின் மேல் ‘கெட்_டீகோடட்’ என்று கூப்பிட்டால், குவியல் அப்படியே வாய் திறந்து பேசுகிறது! இதோ கூடை. கூடவே அண்டர்ஸ்கோரில் தொடங்கும் மூன்று பெயர்கள்: நீங்கள் யார், உங்களைச் சரிபார்த்தது எது, பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷ். இந்த மூன்றாவது இருக்கிறதே, அபாரம். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஹாஷ் பொருந்தாது. வேறு போனில், வேறு கணினியில் திறந்து கிடந்த லாகின்கள் எல்லாம் அடுத்த கிளிக்கில் செல்லாமல் போய்விடும்.

கூடையைப் பக்கத்தில் காட்டுவதும் எளிது. டெம்ப்ளேட்டில் இரட்டை நெளி அடைப்புக்குள் ‘ரிக்வெஸ்ட்.செஷன்.கார்ட்’ என்று எழுதினால் போதும், திரையில் வந்து நிற்கும். அண்டர்ஸ்கோர் பெயர்களை அப்படிக் காட்டப் பாருங்களேன்! டெம்ப்ளேட் ஒரேயடியாக மறுத்துவிடும். அண்டர்ஸ்கோரில் தொடங்கும் எதையும் அது தொடாது. உள்வீட்டு ரகசியங்கள் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரைக்கு வராது.

ஆனால் நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தது இந்த செஷனின் சோம்பலைப் பற்றி. வேண்டுமென்றே, அழகாகச் சோம்பேறி! நீங்கள் பக்கத்தைக் கேட்டதும் அது டேபிளை நோக்கி ஓடுவதில்லை. கோடில் யாராவது செஷனைத் தொட்டால்தான் வரிசையைத் திறக்கும். ஏதாவது மாறியிருந்தால்தான் திரும்ப எழுதும். செஷனில் எதையும் வைக்காத தளத்துக்கு வந்துபோகும் வாசகருக்குக் குக்கீயே கிடையாது, டேபிளில் வரிசையும் கிடையாது. பக்கம் 500 பிழையில் விழுந்தால், பாதியில் நின்ற மாற்றத்தைச் சேமிக்காமல் விட்டுவிடும். எவ்வளவு நிதானம்!

இந்தச் சோம்பலுக்கு ஒரு விலையும் உண்டு. கூடை என்ற பட்டியலையே புதிதாக வைத்தால் செஷனுக்குத் தெரியும். ஏற்கெனவே இருக்கும் பட்டியலுக்குள் இன்னொரு புத்தகத்தை ‘அப்பெண்ட்’ செய்தால் தெரியாது. அது எட்டிப் பார்ப்பது மேல்தட்டு வரைதான். அடுத்த பக்கத்தில் புத்தகம் காணாமல் போயிருக்கும். ‘செஷன்.மாடிஃபைட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய வரி இது.

லாகின் ஆகும் கணத்தையும் பார்த்துவிடுங்கள். அதுவரை பெயரில்லாமல் நிரப்பிய கூடை அப்படியே இருக்க, டோக்கன் எண் மட்டும் சட்டென்று மாறுகிறது! தனக்குத் தெரிந்த எண்ணை உங்கள் பிரவுசரில் யாராவது முன்கூட்டியே திணித்து வைத்திருந்தால், அவர் கையில் மிஞ்சுவது செத்துப்போன எண். லாகவுட் செய்தாலோ வரிசையே அழிகிறது.

லாகவுட் செய்யாமல் போனவர்களின் வரிசைகள்? வழக்கமான ஆயுள் 12,09,600 விநாடி, அதாவது இரண்டு வாரம். நேரம் முடிந்ததும் அவை செல்லாது, ஆனால் டேபிளை விட்டுப் போகவும் போகாது. ‘க்ளியர்செஷன்ஸ்’ என்ற கட்டளையை ஓட்டினால்தான் போகும். உங்கள் தளத்தில் அது கிரானில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், முதலில் டேபிளில் எத்தனை வரிசை என்று எண்ணிவிட்டு ஓட்டுங்கள், பிறகு மறுபடி எண்ணுங்கள்!