தணிகை மலையடியில் ஊழியம்: அன்றும் இன்றும்

திருத்தணியில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், எட்டு வயதில் திருப்பதிக்குப் படிக்கப் போனார். அவர் சேர்ந்தது, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளி. 1900 வரை அங்கே. பிறகு வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி. மொத்தம் 12 ஆண்டுகள் மிஷன் நிறுவனங்களில் படித்தார். தம் மதத்தை மிஷனரிகள் கண்டித்த விதம் தம்மைக் கலக்கியதாகவும், அதனாலேயே இந்து தத்துவத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கியதாகவும் பின்னாளில் எழுதினார்.

அன்றைய ஊழியத்தின் இரு முகங்களும் இதில் தெரிகின்றன. எந்த மதத்துப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்திருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டு நம்பிக்கைக்கு உள்ளே மதிப்பில்லை.

தொடக்கம் இப்படி இல்லை. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். மக்களிடம் கேட்டுக் கேட்டு, 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். தணிகை மலையில் நிற்கும் சுப்பிரமணியரும் அதில் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து மிஷனுக்கு வழிகாட்டிய பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்நிய மதத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர், அதைப் பரப்பும் நூலை எழுதலாமா என்பது அவர் எண்ணம். கடைசியில் 1867-ல்தான் சென்னையில் அது அச்சேறியது. அடுத்தவரை அறிய வேண்டும் என்ற நெறி 150 ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

சபைக்குள்ளும் இதே தாமதம்தான். 1733-ல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் சபைகுருவாக அபிஷேகம் பெற்றார். தமிழர் ஒருவர் தமிழ் லுத்தரன் சபையின் பேராயராக 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ராஜா மாணிக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்ட பிறகே, 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. சாதி விஷயத்தில் அந்த ஜெர்மன் மிஷனரிகளின் லைப்சிக் மிஷன் காட்டிய தளர்வை மறைக்கவும் கூடாது. ஒரே கர்த்தரின் பந்திக்கு வந்தவர்களை சாதி பிரித்து வைத்த காலம் அது. அதன் மிச்சம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

இன்று நிலைமை வேறு. பிரசங்க மேடையில் நிற்பவர் நம் ஊர்க்காரர். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரபில், இப்போது பெண்களும் சபைகுருக்களாக நிற்கிறார்கள். சீகன்பால்குவின் தெய்வங்கள் நூலை ஆய்வாளர் டேனியல் ஜெயராஜ் ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார். அன்று மறுக்கப்பட்ட நூலை இன்று இறையியல் மாணவர்கள் பெருமையோடு புரட்டுகிறார்கள்.

திருத்தணியில் இந்த மாற்றத்தை உரசிப் பார்க்க ஓர் இரவு இருக்கிறது, டிசம்பர் 31. புத்தாண்டில் வெள்ளைக்கார துரைமார்களைக் கண்டு வணங்கும் வழக்கத்துக்கு மாற்றாக, முருகனை முதலில் வணங்கச் சொல்லி வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிய படித் திருவிழா அன்றுதான். 365 படிகளிலும் பூசை; படிக்குப் படி திருப்புகழ். அதே இரவில்தான் தேவாலயங்களில் வருடக் கடைசி ஆராதனை. துரைமார் காலத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு பக்திகள், இன்று ஒரே ஊரில் அண்டை வீட்டாராக விழித்திருக்கின்றன.

1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த இந்த எல்லை ஊரில், வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுவோர் நிறைய. இங்கே ஊழியம் செய்ய வருகிறவர் இரண்டு மொழிகளுக்கும் காதுகொடுக்க வேண்டும். காவடி எடுத்து வருகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல். சபைக்குள் யாருடைய சாதியையும் கேட்கக் கூடாது. தன் விசுவாசத்தைத் தயங்காமல் சொல்லலாம், அடுத்தவர் விசுவாசத்தை இழிவுசெய்யாமல்.

இதில் எதுவும் புதுமை இல்லை. மணலில் விரல் வைத்து எழுதிய மனிதர் தொடங்கி வைத்ததுதான். இடையில் நழுவவிட்டோம், இனி நழுவவிட நமக்கு உரிமை இல்லை. மிஷனரிகளைக் குறை சொல்லித் தப்பவும் முடியாது, ஏனென்றால் ஊழியம் இப்போது முழுக்க நம் கையில் இருக்கிறது.