இரணியல் தடத்துக்கு இரண்டு கோப்புறைகள்

தக்கலைக்கெனத் தனி ரயில் நிலையம் கிடையாது. ஊர்க்காரர்களுக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் காண வருவோருக்கும் இரணியலே அருகிலுள்ள நிலையம். 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி அகலப்பாதை, நெடுங்காலம் டீசல் என்ஜின்கள் ஓடிய ஒற்றைத் தடமாக இருந்து, பின்னர் மின்மயமாகி, அண்மை ஆண்டுகளில் இரட்டைப் பாதைப் பணிகளால் மேலும் உருமாறி வருகிறது. ஆகவே இத்தடத்தைக் கணினி விளையாட்டில் அமைத்து ஓட்ட விரும்புபவர், எந்தக் காலத்து இரணியலை அமைப்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

2001-இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டரும், அதன் கோப்புகளைப் படித்து இயங்கும்படி தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவச மென்பொருளான ஓப்பன் ரெயில்ஸும் இத்துறையில் பரவலாகப் புழங்குபவை. இவற்றில் ரசிகர்கள் தாமே செய்து சேர்க்கும் என்ஜின்கள், பெட்டிகள், வழித்தடங்கள் ஆகியவை ‘மோட்’ எனப்படும். டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜின் முதல் டபிள்யூ.ஏ.பி-7 மின் என்ஜின் வரை இந்திய ரயில்கள் இவ்விளையாட்டுகளுக்குள் வந்தது பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர்களின் உழைப்பால்தான்.

எல்லா மோட்களையும் ஒரே நிறுவலில் கொட்டுவதால் வரும் சிக்கல், இடப்பற்றாக்குறையைவிட ஆழமானது. தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் நீளத்தையும் வளைவையும் வரையறுக்கும் ‘டிசெக்‌ஷன்.டாட்’ என்னும் கோப்பு ‘குளோபல்’ கோப்புறையில் இருக்கிறது. இக்கோப்பின் புதிய பதிப்பைக் கொண்டு கட்டிய வழித்தடத்தைப் பழைய பதிப்புள்ள நிறுவலில் திறந்தால், அது தேடும் எண்ணே அங்கு இராது, தடமும் ஒழுங்காகத் திறக்காது. அதுபோலவே, என்ஜினின் இழுவிசையையும் பிரேக்கையும் குறிக்கும் ‘இஎன்ஜி’ கோப்பை ஒருவர் தம் வசதிக்குத் திருத்தினால், பழைய அளவுகளை நம்பி எழுதப்பட்ட வேறொரு பயணத்தின் நேரக்கணக்கு பிசகிவிடும். டீசல் காலத்துக்கு ஒன்று, மின்மயக் காலத்துக்கு ஒன்று எனத் தனித்தனி நிறுவல்களை வைப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

ஓப்பன் ரெயில்ஸ் இதை எளிதாக்குகிறது. குளோபல், ரூட்ஸ், சவுண்ட், ட்ரெய்ன்ஸ் ஆகிய நான்கு கோப்புறைகளைக் கொண்ட எந்த இடத்தையும் அமைப்புப் பகுதியில் ஒரு பெயரிட்டுப் பதிவு செய்யலாம். பின் முகப்புத் திரையிலேயே தேவையான நிறுவலைத் தேர்ந்துகொள்ளலாம். வட்டில் இடம் மிச்சப்பட, விண்டோஸின் ‘ஜங்ஷன்’ வசதியால் ஒரே கோப்புறையைப் பல நிறுவல்களுக்கு இணைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மாறாத ஒலிக் கோப்புகளை அவ்வாறு பகிர்வதில் ஆபத்து குறைவு. ட்ரெய்ன்ஸ் கோப்புறையைப் பகிர்வதோ எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் ஓரிடத்துத் திருத்தம் எல்லாக் காலங்களையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

பெட்டி ஒன்று காணாமற்போனால் ஓப்பன் ரெயில்ஸ் அதை விட்டுவிட்டுத் தொடரை ஓட்டும்; எது விடுபட்டது என்பது, மேசைத்திரையில் உருவாகும் பதிவுக்கோப்பில் எச்சரிக்கையாகக் கிடக்கும் என்பதால், புதிய மோட் சேர்த்ததும் அதைப் படிப்பது அவசியம். மென்பொருளின் பதிப்பு மாறினால், பாதிவழியில் சேமித்த பயணங்கள் மீண்டும் திறக்காமற் போகக்கூடும் என்பதையும் கருத வேண்டும். மென்பொருளையே இரு கோப்புறைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் ‘ஓப்பன்ரெயில்ஸ்.ஐஎன்ஐ’ என்ற கோப்பை இட்டால், அமைப்புகள் விண்டோஸின் பொதுப் பதிவேட்டுக்குப் போகாமல் அந்தந்தக் கோப்பிலேயே தங்கும்; டீசல் கால இரணியலைக் கட்டிய பதிப்பு, புதியது வந்த பின்னும், தன் அமைப்புகளோடு அப்படியே ஓடும்.