விலை பாதி, போதை முழுசு

விடுமுறை வந்தால் கோவை, ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கிளம்புகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விடுவதில்லை. ரங்கநாதர் கோயில், தரியா தௌலத் மாளிகை, காவிரி சங்கமம் என்று பகல் கழிகிறது. பொழுது சாய்ந்ததும் மைசூரு, பெங்களூரு வழியில் பார் தேடுகிறவர்களும் உண்டு. அவர்களை இழுப்பது ‘ஹேப்பி ஹவர்’, அதாவது கூட்டம் குறைவான மாலை நேரத்தில் தரும் சலுகை விலை. குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் உட்காரும் முன் சட்டம் தரும் பாதுகாப்பையும், தேடி வரக்கூடிய ஆபத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்டருக்கு முன் கேளுங்கள்

போர்டில் ‘1+1’ என்று பெரிதாக இருக்கும். விசாரித்தால்தான் விவரம் வரும். இரண்டும் 30 மில்லி ஸ்மாலா, 60 மில்லி லார்ஜா? எந்த பிராண்டுக்குச் சலுகை? நேரக் கணக்கு ஆர்டர் கொடுப்பதற்கா, பில் போடுவதற்கா? இரண்டாவது கிளாஸை ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டுமா? பதிலை மெனு கார்டில் காட்டச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன சலுகையைத் தராமல் இழுத்தடிப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் கேட்டும் தர மறுப்பதும் அப்படித்தான்.

ஊற்றும் அளவிலும் கவனம் வேண்டும். 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, பெக் அளக்கும் பாத்திரம் பரிசோதித்து முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். கண்ணெதிரே அளந்து ஊற்றச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பில்லை வரிவரியாகப் பாருங்கள்

மனிதர் அருந்தும் மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சாதாரண ரெஸ்டாரன்டில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். எனவே மொத்தத் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘சர்வீஸ் சார்ஜ்’. இது அரசு வரி அல்ல. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக அமைப்புகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மனதாரக் கொடுக்கும் டிப்ஸ் வேறு. கட்டாய வசூல் வேறு.

மலிவு விலையின் கனம்

பாதி விலைக்குக் கிடைத்தாலும் ஈரலுக்கு வேலை பாதியாவதில்லை. 42.8 சதவீதச் சரக்கில் 30 மில்லி ஸ்மால் ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் இருப்பது ஏறத்தாழ 40 கிராம். ‘பீர்தானே’ என்று குடிக்கும் ஒரு பாட்டில் நான்கு ஸ்மாலுக்குச் சமம். ஒரு ஸ்மாலைக் கரைக்கவே உடலுக்கு ஒரு மணி நேரம்போல் ஆகும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. நேரம் முடிவதற்குள் இன்னொரு ரவுண்டு என்ற அவசரம்தான் இந்தச் சலுகையின் பெரிய ஆபத்து. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறது.

சாலையும் ஆறும்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி முதல்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போதையில் இருப்பவரை ஓட்டச் சொல்லித் தூண்டுகிறவருக்கும் அதே தண்டனை. குடித்துவிட்டு விபத்துக்குள்ளான காருக்கு இன்ஷூரன்ஸ் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ஊட்டி வழியாகத் திரும்பும் நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரம் வேண்டும். மாலைச் சலுகையில் குடித்துவிட்டு, கேட் மூடுவதற்குள் ஊட்டிக்குப் பறப்பது உயிரோடு விளையாடுவது. குடிக்காத ஒருவர் ஓட்டட்டும். இல்லையென்றால் அன்றிரவு அறை எடுத்துத் தங்குங்கள்.

குடித்துவிட்டுக் காவிரியில் இறங்கவே இறங்காதீர்கள். சங்கமத்திலும் பலமுரியிலும் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் பாறையும் சுழலும் இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் போதையில் கைகால் ஒத்துழைக்காது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கர்நாடகச் சரக்கை வண்டியில் ஏற்றி வராதீர்கள். அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம்; செக்போஸ்டில் பிடிபட்டால் வழக்கோடு வண்டியும் போகும். கர்நாடகத்தில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. 2023இல் அதை 18 ஆக்க ஒரு வரைவு வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

ஏமாந்தால் என்ன செய்வது?

முதலில் மேனேஜரிடம் பேசி பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால், தகராறு செய்யாமல் பில்லையும் பணம் கட்டிய ரசீதையும் மெனு போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பெரும்பாலான சிறு தகராறுகளுக்கு இதுவே போதும்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்தது ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கும் மண்டியா மாவட்டத்தில் என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

குடியை நிறுத்த முடியாமல் வீட்டில் யாராவது தவித்தால், போதை மீட்பு உதவி எண் 14446ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது.

ஐம்பது, நூறு ரூபாய்க்காக ஏன் புகார் என்று பலரும் விட்டுவிடுகிறோம். அந்த ஐம்பதும் நூறும் எல்லா மேசையிலும் சேர்ந்துதான் கொள்ளையாகிறது. அதனால் தொகை சிறிதென்றாலும் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், வண்டிச் சாவி யார் கையில் என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பணம் போனால் ஆணையத்தில் மீட்கலாம். உயிருக்கு அப்படியொரு வழியில்லை.