குறுக்குவிசைகளின் இருப்புக் கணக்கு

சொற்செயலியில் ஒரு கட்டளையைப் பட்டியல்களில் தேடிச் சொடுக்காமல், சில விசைகளை ஒருசேர அழுத்தி நிறைவேற்றும் வழியே குறுக்குவிசை எனப்படுகிறது. நகலெடுக்க உதவும் 'கண்ட்ரோல் சி' போன்றவை மென்பொருளுடனேயே வருகின்றன. பயனர் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்பவை தனிப்பயன் குறுக்குவிசைகளாகும். முன்னவற்றுக்குக் கையேடுகள் உண்டு. பின்னவற்றின் பதிவைப் பயனரே பேண வேண்டியுள்ளது.

மைக்ரோசாப்ட் வேர்டில், 'ஆப்ஷன்ஸ்' பகுதியின் 'கஸ்டமைஸ் ரிப்பன்' பக்கத்திலிருந்து திறக்கும் உரையாடல் பெட்டியே இவ்வமைப்புக்குரிய இடமாகும். கட்டளையைத் தேர்ந்தெடுத்துப் புதிய விசைச்சேர்க்கையை அழுத்தியதும், அச்சேர்க்கை ஏற்கெனவே எந்தக் கட்டளைக்கு உரியது என்பதை அப்பெட்டி காட்டும். அதைக் கவனியாமல் உறுதிசெய்தால் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துவிடும். சான்றாக, எழுத்துகளின் பின்னணிக்கு வண்ணம் தீட்ட 'கண்ட்ரோல் எச்' ஒதுக்கப்பட்டால், சொற்களைத் தேடி மாற்றும் பெட்டி அவ்விசைக்குத் திறக்காது.

இம்மாற்றங்கள் வழக்கமாக 'நார்மல்' என்னும் வார்ப்புருக் கோப்பில், அதாவது புதிய ஆவணங்களுக்கு அடிப்படையாக அமையும் மாதிரிக் கோப்பில், சேமிக்கப்படுகின்றன. விரும்பினால் குறிப்பிட்ட ஓர் ஆவணத்திலேயே அவற்றைச் சேமிக்கலாம். அவ்வாறு சேமித்தவை பொது வார்ப்புருவில் உள்ளவற்றை விஞ்சி நிற்பதால், ஒரே விசைச்சேர்க்கை இரு ஆவணங்களில் இருவேறு வேலைகளைச் செய்யக்கூடும். 'நார்மல்' கோப்பு சிதைந்தாலோ நீக்கப்பட்டாலோ, வேர்ட் இயல்புநிலையிலான புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும்; அதிலிருந்த குறுக்குவிசைகள் யாவும் மறைந்துவிடும்.

உள்ளவற்றைப் பட்டியலிட வேர்டிலேயே இரு வழிகள் உள்ளன. அச்சிடும் பக்கத்தின் அமைப்புகளில் 'கீ அசைன்மென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தால், பயனர் அமைத்த விசைகள் தாளில் கிடைக்கும். 'ஆல்ட் எஃப்8' அழுத்தித் திறக்கும் மேக்ரோ பெட்டியில், வேர்ட் கட்டளைகளுக்குரிய தொகுதியிலுள்ள 'லிஸ்ட்கமாண்ட்ஸ்' என்பதை இயக்கினால், நடப்பு விசையமைப்பு ஓர் அட்டவணையாகப் புதிய ஆவணத்தில் உருவாகும். அதைச் சேமிக்கவும், அதில் தேடவும் இயலும். லிப்ரெஆபிஸ் ரைட்டரோ விசையமைப்பு முழுவதையும் தனிக் கோப்பாகச் சேமித்து, வேறொரு கணினியில் ஏற்ற இடமளிக்கிறது.

பட்டியல் நினைவுக்கு உதவுமேயன்றி, இழந்த அமைப்பைத் தானாக மீட்டுத் தராது. கோப்பின் நகல் அமைப்பை மீட்கும், ஆனால் எந்த விசை எதற்கு என்பதைப் பயனருக்கு நினைவூட்டாது. ஆகவே, புதிய குறுக்குவிசை அமைக்கும்போதெல்லாம் பட்டியலைப் புதுப்பித்து, வார்ப்புருவின் நகலையும் வேறிடத்தில் சேமித்து வைப்பதே முறையாகும்.