நின்றுபோன துப்பாக்கி

தக்கலைக்கு அருகிலுள்ள புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை நிற்கிறது. 1741-ஆம் ஆண்டு நடைபெற்ற குளச்சல் போரில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. அப்போரில் சிறைப்பட்ட டி லனாய் என்னும் வீரர் பின்னாளில் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராக உயர்ந்தார். அவர் காலத்தில் இக்கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை இயங்கியது. அவருடைய கல்லறையும் இங்கேயே இருக்கிறது. மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற போதெல்லாம் நான் ஒரு செய்தியைச் சொல்வது வழக்கம். அந்நாளைய பீரங்கி ஒரு பக்கம் மூடிய வெறுங்குழாய். அதனுள் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. இன்றைய துப்பாக்கியோ பல உறுப்புகள் ஒன்றையொன்று நம்பி இயங்கும் பொறி. அவற்றுள் ஒன்று தயங்கினாலும் முழுப் பொறியும் நின்றுவிடும். அவ்வாறு நின்றுபோன துப்பாக்கி ஒன்றைப் பற்றியும், அதன் பிழையை ஒருவர் கண்டறிந்த முறையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில், எங்கள் பள்ளியின் என்.சி.சி. பிரிவுக்கும் பொறுப்பாக இருந்தேன். ஒரு கோடை விடுமுறையில், கடலுக்கு அண்மையில் நடந்த முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கல்லூரி மாணவர்களும் அதில் கலந்து கொண்டிருந்தனர். பயிற்சி அளிக்க வந்திருந்த ஹவில்தாரை மாணவர் அனைவரும் ‘உஸ்தாத்’ என்றே அழைத்தனர். இளையவர்க்கு .22 ரைபிளும், மூத்தவர்க்கு ‘எஸ்.எல்.ஆர்.’ எனப்படும் ரைபிளும் பயிற்சிக்குத் தரப்பட்டன.

எஸ்.எல்.ஆர். என்பது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள். பெல்ஜிய நாட்டில் உருவான ஓர் அமைப்பைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாபூர் ஆலையில் அது நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி ஆலையிலும் இவ்வகைத் துப்பாக்கி செய்யப்பட்டது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் பழைய .303 ரைபிளையே ஏந்தி நின்றனர். அதில் ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் தாழைக் கையால் பின்னிழுத்து முன்தள்ள வேண்டும். அந்தக் கைவேலையைத் துப்பாக்கியே செய்து கொள்வதுதான் எஸ்.எல்.ஆரின் சிறப்பு.

எவ்வாறு செய்து கொள்கிறது? தோட்டாவின் மருந்து எரிந்ததும் எழும் வாயு, குண்டை வினாடிக்கு 800 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியே தள்ளுகிறது. குழலின் மேற்புறத்தில் ஒரு சிறு துளை உண்டு. குண்டு அதனைக் கடந்தவுடன் வாயுவில் ஒரு பகுதி அத்துளை வழியே மேலே ஏறி, பிஸ்டன் என்னும் உந்துதண்டைப் பின்னோக்கி அடிக்கிறது. அந்த அடியால் பின்னேயுள்ள தாழ் பூட்டு நீங்கிப் பின்னே ஓடுகிறது. ஓடும்போது வெற்றுப் பித்தளை உறையை இழுத்து வெளியே எறிகிறது. அடிக்கட்டைக்குள் இருக்கும் சுருள்வில்லையும் அழுத்துகிறது. வில் விரிந்து தாழை மீண்டும் முன்னே தள்ள, அது மேகசீனின் மேலிருக்கும் அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு போய்க் குழலின் அறையில் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். விசையை விட்டு மீண்டும் அழுத்தினால் அடுத்த குண்டு புறப்படும்.

இங்கே நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும் உறுப்பு ஒன்று உண்டு. நம் ஊர்க் குளங்களில் மடையும் இருக்கும், மறுகாலும் இருக்கும். மடை வழியே வயலுக்கு வேண்டிய நீர் பாயும்; மிகை நீர் மறுகால் வழியே கழியும். எஸ்.எல்.ஆரின் வாயு ரெகுலேட்டரும் ஒரு மறுகாலே. எண்கள் பொறித்த ஒரு வளையத்தைத் திருப்பி அதனைத் திறக்கலாம், அடைக்கலாம். திறந்தால் மிகை வாயு வெளியே கழியும். அடைத்தால் பிஸ்டனுக்கு வலு கூடும். வலு குறைந்தால் தாழ் முழுத்தொலைவு பின்னே போகாது. வலு மிகுந்தால் தாழ் பின்சுவரில் மோதி, உறுப்புகள் நாளடைவில் தேயும். அளவுதான் அதன் உயிர்.

முகாமின் ஐந்தாம் நாள் காலையில் ஒரு மாணவர் தரையில் படுத்துச் சுடத் தொடங்கினார். முதல் குண்டு சென்றது. அடுத்து விசையை அழுத்தினார். ‘டிக்’ என்ற வெற்றொலி மட்டுமே கேட்டது. அவர் உடனே திரும்பி, “சார், சுடமாட்டேன் என்கிறது” என்று என்னை நோக்கினார். அவர் திரும்பியபோது துப்பாக்கியும் உடன் திரும்பியது. அதன் வாய் ஒரு கணம் என் மார்புக்கும், என் பின்னே வரிசையாக அமர்ந்திருந்த பதினைந்து பிள்ளைகளுக்கும் நேராக நின்றது. உஸ்தாத் பாய்ந்து வந்து குழலைப் பற்றி மண்மேட்டை நோக்கித் திருப்பினார். பிறகு குரலை உயர்த்தாமல், “தம்பி, நின்றுபோன துப்பாக்கியைச் சுடுகிற துப்பாக்கியைவிட அதிகமாக அஞ்ச வேண்டும்” என்றார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. மருந்து சில வேளைகளில் உடனே பற்றாமல், சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஆகவே துப்பாக்கியின் வாயை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்து, அரை நிமிடமேனும் பொறுத்த பிறகே தாழைத் திறக்க வேண்டும். பிழை எதுவானாலும் முதற்படி இதுவே. தேடுபவன் உயிரோடிருந்தால்தானே பிழையைக் கண்டுபிடிக்க முடியும்?

பிள்ளைகளைப் பின்னே அனுப்பிவிட்டு உஸ்தாத் தாமே அவ்விடத்தில் படுத்தார். பொறுத்திருந்த பின் இடப்புறக் கைப்பிடியை இழுத்து உள்ளே பார்த்தார். அறை காலியாக இருந்தது. மேகசீனில் தோட்டாக்கள் இருந்தன. அங்கேயே அவர் கேள்விகளைத் தொடங்கினார். சுட்ட உறை வெளியே விழுந்திருக்கிறது. ஆகவே அதனை இழுத்தெறியும் உறுப்புகள் பழுதல்ல. அடுத்த தோட்டா மட்டும் ஏறவில்லை. அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கவேண்டும். மேகசீனின் வில் தளர்ந்து தோட்டாவை மேலே தள்ளாதிருக்கலாம். அல்லது தாழ், தோட்டாவின் பின்புறத்தைத் தாண்டுமளவு பின்னே போகாதிருக்கலாம்.

கைப்பிடியை முழுவதும் இழுத்து விட்டார். அதே மேகசீனிலிருந்து தோட்டா ஒழுங்காக ஏறியது. சுட்டார், மீண்டும் நின்றது. வேறொரு மேகசீனைப் பொருத்திச் சுட்டார், அப்போதும் நின்றது. கை இழுத்தால் தோட்டா ஏறுகிறது, வாயு தள்ளினால் ஏறவில்லை. மேகசீன் குற்றமற்றது என்பதும், தாழுக்குப் போதிய உந்துதல் கிடைக்கவில்லை என்பதும் இவ்வாறு தெளிவாயின. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அவர் மாற்றினார் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். மேகசீனையும் ரெகுலேட்டரையும் ஒன்றாக மாற்றியிருந்தால் துப்பாக்கி ஓடியிருக்கும். எதனால் ஓடியது என்பது மட்டும் தெரிந்திராது.

ரெகுலேட்டரை இரண்டு எண் அடைத்தார். துப்பாக்கி தொடர்ந்து சுட்டது. நாங்கள் மகிழ்ந்தோம், அவர் மகிழவில்லை. “முதல் நாள் இது பழைய எண்ணிலேயே ஓடியது. இன்று ஏன் ஓடவில்லை?” என்று கேட்டார். தோட்டாக்களை அகற்றி, அறை காலி என்பதை இருமுறை பார்த்து, துப்பாக்கியைப் பிரித்தார். பிஸ்டனை உருவி எடுத்தபோது அது கறுத்திருந்தது. கரிந்த எண்ணெயும் கடற்கரையின் நுண்மணலும் கலந்து பசைபோல் அதனைப் பற்றியிருந்தன. அந்தப் பசையே பிஸ்டனைப் பிடித்து நிறுத்தியது.

“பிஸ்டனும் அது ஓடும் குழாயும் உலர்ந்திருக்க வேண்டும். இங்கே எண்ணெய் இட்டது யார்?” என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர், பின்பு தலைகுனிந்தனர். நான்கு நாட்களாக மாலைதோறும் புல்த்ரூ இழுத்துத் துப்பாக்கிகளைத் துடைக்கும் வேலையை மேற்பார்த்தவன் நான். உப்புக்காற்றில் துருப்பிடிக்குமே என்றஞ்சி, “எல்லா உறுப்புக்கும் தாராளமாக எண்ணெய் இடுங்கள்” என்று கட்டளையிட்டவனும் நானே. அவ்வளவு பேர் முன்னிலையில் அதனைச் சொல்ல நா எழவில்லை. ஆனால் நான் வாய்மூடி நின்றால், என் சொல்லைக் கேட்டு நடந்த ஒரு பிள்ளை பழியைச் சுமக்க நேரும். “நான்தான் இடச் சொன்னேன்” என்றேன். உஸ்தாத் சிரிக்கவுமில்லை, கடியவுமில்லை. “சொல்லிவிட்டீர்கள், சார்; பாதி நேரம் மிச்சம்” என்று மட்டும் கூறி, பிஸ்டனைத் துடைத்து உலர்த்திப் பொருத்தினார். ரெகுலேட்டரைப் பழைய எண்ணுக்கே திருப்பினார். துப்பாக்கி தடையின்றிச் சுட்டது.

இது ஒரு முகாமின் சிறு நிகழ்ச்சி. இதே பாடத்தை ஒரு வல்லரசு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1960-களில் வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களுக்கு எம்.16 என்னும் புதிய ரைபிள் வழங்கப்பட்டது. அதற்கு அதிகத் துப்புரவு வேண்டாம் என்ற எண்ணம் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் தரப்படவில்லை. தோட்டாவின் மருந்தோ வேறு வகையாக மாற்றப்பட்டிருந்தது. ஈரம் மிகுந்த அந்நாட்டில் அறையில் துருவும் கரியும் சேர, சுட்ட உறை உள்ளேயே சிக்கிக்கொண்டது. பகைவர் எதிரே நிற்க, வீரர்கள் குழலின் வாய்வழியே கம்பியை விட்டு உறையைக் குத்தித் தள்ளவேண்டியதாயிற்று. வீரர்கள் சரியாகத் துடைக்கவில்லை என்று அவர்கள்மேல் பழி சுமத்தியவர்களும் உண்டு. வீரர்களின் கடிதங்கள் வீடுகளை எட்டின. 1967-ஆம் ஆண்டு அந்நாட்டு மக்களவையின் துணைக்குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. மருந்து மாற்றத்தையும் ஆட்சியாளரின் கவனக்குறைவையும் அது கடுமையாகக் கண்டித்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு இடப்பட்டது, துடைக்கும் கருவிகளும் பயிற்சியும் அளிக்கப்பட்டன, துப்பாக்கியும் சீராயிற்று. ஆயினும் அதற்கு முன் மடிந்தவர் மீளவில்லை.

மாணவர்களே, உங்களுள் மிகச் சிலரே துப்பாக்கியைக் கையிலெடுப்பீர்கள். அதுவும் சட்டத்தின் அனுமதியோடும் ஆசிரியரின் கண்காணிப்பிலும் மட்டுமே. ஆனால் நின்றுபோகும் பொறிகள் உங்கள் வாழ்வில் பல வரும். வயலில் நீரிறைக்கும் பம்பு நிற்கும். தையல் இயந்திரம் நூலை அறுக்கும். அப்போது முதலில் ஆபத்தை விலக்குங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். பொறி ஓடத் தொடங்கியவுடன் எழுந்து போய்விடாமல், நேற்று ஓடியது இன்று ஏன் நின்றது என்ற கேள்விக்கும் விடை காணுங்கள்.

அவ்விடை சில வேளைகளில் நம் கையையே சுட்டும். அன்று மாலை பிள்ளைகள் துப்பாக்கிகளைத் துடைக்க அமர்ந்தபோது, நானும் அவர்களோடு தரையில் அமர்ந்து, உலர்ந்த துணியால் ஒரு பிஸ்டனைத் துடைத்தேன்.