பெரியவர்களுக்குக் கேட்காத சத்தம்

ஜொனாதன் ஸ்ட்ரவுட் 2013இல் வெளியிட்ட ‘தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்’ நாவலில் பேய் பிடிப்பது பதின்வயதுப் பிள்ளைகளின் தொழில். இங்கிலாந்து முழுக்கப் பேய்கள். தொட்டால் உயிர் போகும். இரும்பு வாளும் உப்பும் பெரியவர்களிடமும் உண்டு, ஆனால் பேய் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குப் புலப்படாது. அந்தப் புலன் வயது ஏற ஏற மங்கிவிடும். அதனால் லாக்வுட், லூசி, ஜார்ஜ் என்ற மூவர், மேற்பார்வைக்கு ஒரு பெரியவர்கூட இல்லாமல், லண்டனில் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறார்கள். பிஸ்கட் எடுக்கக்கூட அவர்களுக்குள் முறை உண்டு! பயமும் சிரிப்பும் இவ்வளவு இயல்பாகக் கலந்த இளையோர் நாவல்கள் குறைவு.

மூவரில் லூசியின் பலம் காது. மற்றவர்களுக்கு எட்டாத ஒலி அவளுக்குக் கேட்கும். பேயை விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கிற ஒலி நிஜமாகவே இருக்கிறது.

நல்ல இளம் காதுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் சுமார் 15,000 முடிச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. கீச்சென்ற உச்ச ஒலிகளை உணர்பவை நுழைவாயிலை ஒட்டி இருக்கின்றன. கனத்த ஒலிகளுக்கானவை சுருளின் உள்முனையில். வயதாகும்போது முதலில் அழிவது வாயில் பக்கத்துச் செல்கள்தான். அழிந்தது திரும்ப முளைக்காது. இந்த இழப்பு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சொலி அந்த உச்ச ஒலிகளைவிடத் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் என்ற பிரிட்டிஷ்காரர் இதை வைத்து 2005இல் ‘மஸ்கிட்டோ’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். கடை வாசலில் கூடும் இளைஞர்களை விரட்டத்தான். சுமார் 17,400 ஹெர்ட்ஸில் கீச்சிடும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குடையும், கடைக்காரருக்கோ நிசப்தம். 2006இல் இதற்கு, நோபலைக் கேலி செய்யும் இக் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதே ஒலியை செல்போன் ரிங்டோனாக்கி வகுப்பறைக்குள் கொண்டுபோனார்கள். மெசேஜ் வந்தது பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும், கரும்பலகை அருகே நின்ற ஆசிரியருக்குத் தெரியாது. ஸ்ட்ரவுட்டின் நாவலில் வந்திருக்க வேண்டிய காட்சி!

ஆனால் அந்தக் கருவியை என்னால் ரசிக்க முடியவில்லை. தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அது கேட்கும்; எதனால் அழுகிறது என்று தாய்க்குத் தெரியாது. ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை 2010இல் இதைப் பொது இடங்களில் தடை செய்யச் சொன்னது நியாயம்தான்.

அழிந்த முடிச்செல்கள் திரும்ப முளைக்கும் விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தது கோழி. அதன் உள்காதில் முடிச்செல்கள் அழிந்தால், பக்கத்தில் தாங்கி நிற்கும் செல்கள் பிரிந்தும் உருமாறியும் புதியவற்றை உண்டாக்கிவிடும். சில வாரங்களில் கேட்கும் திறன் பெருமளவு திரும்பிவிடும். 1980களில் இது தெரியவந்தபோது ஆய்வாளர்கள் வியந்துபோனார்கள். தாங்கும் செல்கள் நம் காதிலும் இருக்கின்றன. கோழிக்குச் செய்வதை நமக்கும் செய்யும்படி அவற்றைத் தூண்ட முடியுமா என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி.